மாமனார் ஒப்படைப்பு ஒப்பந்தம்

"என் சார்ஜரைப் பார்த்தியா?"

"இதோட ஒன்பதாவது தடவை கேட்டுட்டீங்க. நான் பார்க்கலை. அதை எடுத்து வச்சு நான் என்ன, துணியா காயப்போடப் போறேன்?"

மேசைக்கு அடியில் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர், மனைவியின் பதிலைக் கேட்டு வெளியே வரும்போது தலையை நன்றாக இடித்துக்கொண்டார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. சட்ட மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பதினெட்டு வருட சர்வீஸ். எந்த விஷயத்துக்கும் சரியான சொல் என்ன என்று தெரியும். சொந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. அவரைப் பற்றி நான் இப்படிப் பேசலாமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அவருடைய வழுக்கை, தொப்பை, அசட்டுத்தனம் எல்லாம் எனக்குப் பல வருடமாக அத்துப்படி. அவரைத் திட்ட என்னைவிட உரிமை உள்ளவர் யாரும் கிடையாது.

லேப்டாப்பில் பதினோரு சதவீதம்தான் உயிர் மிச்சம் இருந்தது. மேசையைப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் வரை அது அவருடைய மேசை. இப்போது அதன்மேல் ஒரு மாத்திரை டப்பா, ஷேவிங் பிரஷ், மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு பித்தளை விசில், டிக் டிக்கென்று ஊரைக் கூட்டும் அலாரம் கடிகாரம். அவருடைய ஆறு அகராதிகளும் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டிக்குப் போய்விட்டன.

எல்லாம் மாமனார் உபயம்.

"மாமா, மேசையை ஒழுங்கு பண்ணும்போது கறுப்பா, வாலோட ஒண்ணு..."

"நான் புஸ்தகம் மட்டும்தான் எடுத்து வச்சேன் மாப்பிள்ளை. ஒயர் எதையும் தொடலை," என்றார் மாமனார், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி. "இப்பல்லாம் ஒயரைப் பார்த்தாலே கையைப் பின்னாடி கட்டிக்கிறேன்."

அதற்குக் காரணம் இருந்தது.

மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமான பிறகு மகன் வீட்டில் இருந்தார். மகன், அதாவது மொழிபெயர்ப்பாளரின் மச்சான், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். மச்சான் மனைவி கணக்கு டீச்சர். மொழிபெயர்ப்பாளரின் மனைவிக்கு அண்ணி, ஆகவே நமக்கும் அண்ணி. அந்த வீட்டு ஹாலில் ஒரு பெரிய மீன்தொட்டி. அண்ணி ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த பதினாலு மீன். தொட்டிக்குள் காற்று விடும் பம்பு இரவும் பகலும் கொர்கொர் என்று சத்தம் போடும். ஹாலில் படுக்கிறவர் மாமனார். "இந்தச் சனியனை என்னைக்காவது உடைச்சுப் போடப் போறேன்" என்று போன சனிக்கிழமை, சாட்சிகள் முன்னிலையில், வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் அங்கே சேர்ந்து சாப்பிட்டது. திங்கட்கிழமை காலையில் பம்பு நின்றிருந்தது. பதினாலு மீனும் மேலே மிதந்தன. சுவிட்சு போட்டபடியே இருந்தது, அதன் சிவப்பு விளக்கும் எரிந்தது. அப்படியென்றால் பம்பை யாரோ உடைத்திருக்கிறார்கள். யார்? அண்ணிக்குக் கணக்கு இரண்டே வரியில் முடிந்துவிட்டது. "நான் தொடலை" என்று மாமனார் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பையோடு மகள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அப்பா இனிமே இங்கதான்," என்றாள் மகள்.

இங்கே என்றால், மொழிபெயர்ப்பாளரின் அறையில்.

*

அலுவலகத்தில் அன்று அதைவிடப் பெரிய தலைவலி. பொதுமக்களுக்கான சட்டச் சொல்லகராதி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் கையில் இருந்தது ஒரே ஒரு சொல். ஒரு நாட்டில் குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் ஆள் இன்னொரு நாட்டில் போய் உட்கார்ந்துகொண்டால், அந்த நாடு இவரைப் பிடித்து இந்த நாட்டிடம் சட்டப்படி கொடுப்பதற்கான சொல். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒப்படைப்பு. இந்த ஒரு சொல்லோடு பத்து நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் எல்லோரும் அரட்டை அடித்துக்கொண்டிருந்தபோதுகூட, மனிதர் ஒரு மூலையில் இந்தச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பிரிவுத் தலைவி அவர் எழுதியதை உரக்கப் படித்தார். "'ஒரு நாட்டின் ஆள்வரைக்குள் புரியப்பட்ட குற்றம் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டு அல்லது குற்றத்தீர்ப்பளிக்கப்பட்டு, பிறிதொரு நாட்டின் ஆள்வரைக்குள் காணப்படும் நபரை, உடன்படிக்கையின்பாற்பட்டு, கோரும் நாட்டின்...' எனக்கு மூச்சு வாங்குது சார். இதைப் படிக்கிறவன் நடுவுல தண்ணி குடிக்க எழுந்து போனா, திரும்பி வரவே மாட்டான்."

"எல்லாம் துல்லியமா இருக்கு மேடம்."

"துல்லியமா இருக்கு, புரியலை. பேசாம 'நாடு கடத்தல்'னு போட்டுடலாமானு மேல கேட்கிறாங்க."

"ரெண்டும் வேற மேடம்!" மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பெல்லாம் பதறியது.

"என்ன வேற? சாதாரண வீட்டு ஆளுக்குப் புரியற மாதிரி ஒரு உதாரணத்தோட எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"முடியலேன்னா மேடம்?"

"கீழ பழைய கோப்பு அறையில ஒரு நாற்காலி காலியா இருக்கு."

பழைய கோப்பு அறையில் ஜன்னல் கிடையாது. போனவர்கள் தும்மிக்கொண்டே ஓய்வு பெற்றார்கள் என்று கேள்வி.

*

அன்று சாயங்காலம் மச்சான் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, அப்பாவை அனுப்பி வைங்க. வந்து இவகிட்ட 'நான்தான் செஞ்சேன், தப்புதான்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. இவ ரெண்டு நாளா சாப்பிடலை, எனக்கும் போடலை."

இந்த இடத்தில் புத்தியுள்ள எந்த மனிதனும் "சரி மச்சான்" என்றிருப்பான். அறையும் கிடைத்திருக்கும். ஆனால் நம்மவர் மண்டைக்குள் பல்பு எரிந்துவிட்டது. ஒரு வீடு, இன்னொரு வீடு, அங்கே குற்றம், இங்கே அடைக்கலம்! உதாரணம் போனிலேயே வந்து நிற்கிறதே!

"வெறும் வாயில கேட்டா ஆளை அனுப்ப முடியாது மச்சான்," என்றார். "எழுத்துல கேளுங்க. என்ன குற்றம், என்ன ஆதாரம், எல்லாம் வரணும். நாங்க பரிசீலனை பண்ணுவோம்."

"நாங்கன்னா யாரு?"

"இந்த வீடு."

"மாப்பிள்ளை, தண்ணி கிண்ணி போட்டிருக்கீங்களா?"

"இன்னொண்ணு. சம்பவ இடத்துல எதையும் தொட்டுடாதீங்க."

"மீனை மட்டும் எடுத்துட்டோம். தொட்டியை நகர்த்தி, பின்னாடி என்னனு பார்க்கலாம்னு..."

"ஐயையோ, கூடவே கூடாது! ஆதாரம் கலைஞ்சிடும். இதுக்குன்னு விஷயம் தெரிஞ்ச ஆள் வந்துதான் பார்க்கணும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி கண்கலங்கி நின்றாள். "எங்கப்பாவுக்காக எங்கண்ணனையே எதிர்த்துப் பேசிட்டீங்களே!" என்று சொல்லி, கேட்காமலே ஒரு காபி கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் கேட்காமல் வந்த நாலாவது காபி அது. மொழிபெயர்ப்பாளர் அதை வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தார். அவருடைய கணக்கு வேறு. வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரத்தோடு முறைப்படி ஒப்படைத்துவிட்டால் அறை திரும்பக் கிடைக்கும், உதாரணம் கிடைக்கும், மனைவியிடம் கெட்ட பெயரும் வராது. சட்டம்தானே அனுப்பியது, நானா அனுப்பினேன்?

"ஆமா, ஒப்படைப்பு, நாடு கடத்தல்னு புலம்பிட்டே இருக்கீங்களே, என்னதான் வித்தியாசம்?" என்று கேட்டாள் மனைவி.

"நாடு கடத்தல்னா, 'நீ இங்க வேண்டாம், கிளம்பு'னு நாமளே விரட்டுறது. எங்க போறான், என்ன ஆகிறான்னு கவலையில்லை. ஒப்படைப்புல நமக்கு அந்த ஆள்மேல கோபமே கிடையாது. அந்தப் பக்கம் பேர் சொல்லிக் கேட்கிறாங்க, குற்றம் சொல்றாங்க, ஆதாரம் காட்டுறாங்க. நாம சரிபார்த்துட்டுக் கையில பிடிச்சுக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்."

"அப்போ எங்கப்பாவை நீங்க என்ன பண்றதா இருக்கீங்க?"

"சேச்சே. அந்தப் பக்கம் ஆதாரம் காட்டினா ஒப்படைப்பு."

அவள் அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "முகத்தைப் பார்த்தா நாடு கடத்தல் மாதிரிதானே தெரியுது?"

*

புதன்கிழமை காலை கோரிக்கை வந்து சேர்ந்தது. நாலு பக்கம், அண்ணியின் கையெழுத்தில், கோடு போட்டு எண் போட்டு. "தரவு: பம்பு சனிக்கிழமை ஓடியது. தரவு: ஹாலில் தூங்கியவர் ஒருவரே. தரவு: அவர் முன்கூட்டியே மிரட்டல் விடுத்தார். எனவே நிரூபிக்கப்பட்டது." பதினாலு மீன்களின் போட்டோவும் தனித்தனியாக ஒட்டியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் அதைப் படித்துவிட்டு, கை சும்மா இருக்காமல், ஓரத்தில் சிவப்புப் பேனாவால் எழுதித் திருப்பி அனுப்பினார். "மிரட்டல் என்பது ஆதாரம் ஆகாது. பம்பு உடைந்ததற்கு நிபுணர் சான்று இணைக்கவும். பக்கம் மூன்றில் கறை உள்ளது, வேறு தாளில் எழுதவும்."

கணக்கு டீச்சருக்கே சிவப்பு மையா! அந்தக் கறை கண்ணீர்க் கறை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அண்ணி இந்த வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் பள்ளிக் காரை எடுத்துக்கொண்டு வந்து, நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய மாமனாரை மடக்கினார். "ஏறுங்கப்பா, பூங்கா வரைக்கும் கொண்டு விடுறேன்" என்றார். பாவம், அப்பாவும் ஏறிவிட்டார். பூங்கா வந்தது, போனது. மாமனார் முப்பத்தைந்து வருடம் ரயிலில் இருந்தவர். பாதை மாறினால் அவருக்கு உடம்பிலேயே தெரியும். அவர் உட்கார்ந்திருந்ததோ சொல்லிக்கொடுக்கிறவர் சீட். அங்கேயும் ஒரு பிரேக் உண்டு. ஓங்கி ஒரு மிதி மிதித்தார். கார் நடுரோட்டில் நின்றது. மாமனார் இறங்கி, சட்டையை நீவி விட்டுக்கொண்டு, சட்டைப்பையில் இருந்த விசிலை ஒரு ஊது ஊதிவிட்டு நடந்தே திரும்பி வந்தார்.

"இதுக்கும் தனியா ஒரு சொல் இருக்கு!" மொழிபெயர்ப்பாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கோர்ட்டு, கேள்வி, விசாரணை ஒண்ணுமே இல்லாம ரகசியமா ஆளைத் தூக்கிட்டுப் போறது. இது ஒப்படைப்பே இல்லை. இதையும் குறிப்புல சேர்த்துடுறேன்!"

"எங்கப்பாவைக் கார்ல தூக்கிட்டுப் போற அளவுக்குக் கொண்டுவந்து விட்டுட்டு, குறிப்பு எழுதுறீங்களா?" என்று மனைவி கத்தினாள். "செவ்வாய்க்கிழமை 'சரி'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்நேரம் அப்பாவும் அண்ணியும் ஒண்ணா உட்கார்ந்து டிவி பார்த்துட்டு இருப்பாங்க!"

அது உண்மை. உண்மையை யாராவது சொன்னால் நம்மவருக்கு உடனே ஆவணம் எழுதத் தோன்றும். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு ஒப்படைப்பு ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தார். லேப்டாப் முந்தின நாளே கண்ணை மூடிவிட்டதால் கையால்தான் எழுத வேண்டியிருந்தது. அந்த எரிச்சலில் மறுபடி மாமனார்மேல் பாய்ந்தார்.

"மாமா, சார்ஜரை நீங்கதான் எங்கேயோ வச்சுட்டீங்க. இதையும் உங்கமேல ரெண்டாவது குற்றமா எழுதப் போறேன்."

"முடியாது," என்றாள் மனைவி. "எந்தக் குற்றத்துக்காகக் கேட்டாங்களோ, அதுக்கு மட்டும்தான் விசாரிக்கணும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் நம்மவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"அதுமட்டுமில்லை," என்று அவள் விடவில்லை. "ரெண்டு இடத்துலயும் குற்றமா இருந்தாத்தான் ஒப்படைக்கணும்னும் சொன்னீங்க. நம்ம வீட்டுல மீனே இல்லை. இங்க அது குற்றமே இல்லையே?"

விட்டால் மாமனார் நிரந்தரமாகத் தங்கிவிடுவார். மொழிபெயர்ப்பாளர் அவசரமாகப் பேனாவைத் திறந்தார். "இங்கயும் குற்றம்தான்! எழுதுறேன் பாரு. 'அடுத்தவருடைய மின்சாதனத்தில் கை வைத்து அதனால் உயிருக்குச் சேதம் விளைவிப்பது இரு வீடுகளிலும் பெருங்குற்றமாகும்.'"

"சொந்த நாட்டு ஆளைக் கொடுக்க மாட்டோம்னு சில நாடு சொல்லுமாமே? அப்பா எனக்குச் சொந்தம்."

"அதெல்லாம் இங்க செல்லாது. 'சந்தேகத்துக்குரிய நபர் எவ்வளவு நெருங்கிய உறவாயினும் விலக்கு இல்லை.'"

"அப்பான்னே எழுத வேண்டியதுதானே? அதென்ன சந்தேகத்துக்குரிய நபர்?"

"சட்டம் ஆளைப் பார்த்து எழுதுறது இல்லைம்மா. யாரா இருந்தாலும் பொருந்தணும்," என்றார் மொழிபெயர்ப்பாளர், தன் நடையின் அழகைத் தானே ரசித்தபடி.

தண்டனையை அண்ணி மச்சான் மூலம் சொல்லி அனுப்பினார். குற்றம் செய்தவர் அங்கே ஒரு மாதம் தங்க வேண்டும். பள்ளி விட்டு அவர் வரும்போது தினமும் தொட்டி கழுவப்பட்டிருக்க வேண்டும். புதிதாகப் பதினாலு மீன் வளர்த்துக் கொடுக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். டிவி கிடையாது. மொழிபெயர்ப்பாளர் ஒரு எழுத்து மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். ஒரு மாதம்! ஜன்னல் ஓரத்தில் மேசையைப் போட்டுக்கொள்ளலாம் என்று இப்போதே இடம் பார்த்தார்.

அன்று மதியம் அலுவலகத்தில் பிரிவுத் தலைவி கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுச் சிரித்தார். பதினெட்டு வருடத்தில் அவர் சிரித்து நம்மவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதுதான் சார் உதாரணம்! எங்க வீட்டுக்காரருக்கே புரியும். சரி, கடைசியில அந்தப் பெரியவர் என்ன ஆனார்? அவர்தான் செஞ்சாரா?"

"நாளைக்குக் காலையில நிபுணர் சாட்சி வருது மேடம்."

"அப்போ முடிவையும் சேர்த்து எழுதி நாளைக்கு மத்தியானம் கொடுங்க. யாரை யார்கிட்ட ஒப்படைச்சாங்கனு தெளிவா இருக்கணும்."

*

வியாழன் சாயங்காலம் மாமனாரின் வாக்குமூலம். மொழிபெயர்ப்பாளர் எதிரில் நோட்டோடு உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் படுத்தது சரியா ஒன்பது நாப்பதுக்கு," என்றார் மாமனார். ரயிலில் இருந்தவர், நிமிடம் தவறாது. "அப்பவே அந்தக் கொர்கொர் சத்தம் இல்லை. பரவாயில்லையே, நான் சத்தம் போட்டது மருமக காதுல விழுந்துடுச்சு போல, வேற பம்பு வாங்கிட்டானு நெனச்சேன். சந்தோஷமாத் தூங்கிட்டேன் மாப்பிள்ளை. அதுதான் என் தப்பு. சத்தம் ஏன் நின்னுச்சுனு எழுந்து போய்ப் பார்த்திருக்கணும். முப்பத்தஞ்சு வருஷம் ரயில்ல சத்தம் மாறினா எழுந்து பார்த்தவன், வீட்டுல பார்க்கலை."

"உங்களுக்குத்தான் மீனே பிடிக்காதே மாமா."

"பம்புதான் பிடிக்காது. மீன் பிடிக்காதுன்னு யார் சொன்னா? காலையில ஆறு பத்துக்கு அதுங்களுக்குத் தீனி போடுறது நான்தான். வாலு கிழிஞ்ச ஆரஞ்சு ஒண்ணு. கண்ணாடியில விரல் வச்சா வந்து நிக்கும், எடுத்தா போயிடும். திங்கக்கிழமை விரல் வச்சேன்..." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மொழிபெயர்ப்பாளர் பேனாவை மூடிவிட்டு, புத்திமதி சொல்ல ஆரம்பித்தார். இந்த வியாதிக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. "சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை மாமா. ஞாயித்துக்கிழமை நானும் அந்தத் தொட்டிப் பக்கத்துலதான் உட்கார்ந்து வேலை பார்த்தேன். முதல்ல தொல்லையாத்தான் இருந்தது. வேலையில மூழ்கினதும் சுத்தமா காதுலயே விழலை. மனசை ஒருமுகப்படுத்தணும்."

"உங்களுக்கு இருக்கிற பக்குவம் எனக்கு இல்லை மாப்பிள்ளை," என்றார் மாமனார் பணிவாக. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தொட்டி கழுவுறதுல எனக்கு வெட்கம் இல்லை. ஒரு மாசம் இல்லை, ஒரு வருஷம் கழுவுறேன். செய்யாததைச் செஞ்சேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்றீங்களே, அதுதான் தொண்டையில நிக்குது. நீங்க ஒருத்தராவது என்னை நம்புறீங்களா?"

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். காசா பணமா? அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருக்கிறது, வலிக்கப்போவது எனக்குத்தான் என்றாலும்.

"நம்புறது, நம்பாததெல்லாம் சட்டத்துல இல்லை மாமா," என்றார் அந்த மனிதர். "ஆதாரம்தான் பேசும்."

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு குடும்பமும் மொழிபெயர்ப்பாளர் வீட்டு ஹாலில் கூடியது. மாமனார் முகச்சவரம் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, வாசலருகே பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணி, பிடிக்காத கல்யாணத்துக்கு வந்தவரைப் போல நேராக உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. மச்சான் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்; வெளியே காரில் ஒரு மாணவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"நிபுணர் எங்க?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

"வர்றார். மீன்தொட்டி, பம்பெல்லாம் விக்கிற மீன்கடைக்காரர்தான். வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டு வந்தோம். நீங்க சொன்ன மாதிரி அவர்தான் முதமுதலா தொட்டிக்குப் பின்னாடி கை வைக்கிறார். நாங்க யாரும் தொடலை," என்றார் மச்சான் அலுப்போடு.

"மிக நல்லது," என்று மொழிபெயர்ப்பாளர் எழுந்து நின்று ஒப்பந்தத்தைப் படித்தார். மின்சாதனத்தில் கை வைப்பது பெருங்குற்றம். எவ்வளவு நெருங்கிய உறவாயினும் விலக்கு இல்லை. ஆதாரம் நிரூபணமான அந்த நிமிடமே, எந்தச் சாக்கும் சொல்லாமல், சந்தேகத்துக்குரிய நபரைப் பையோடு ஒப்படைக்க வேண்டும். ஒரு மாதம். மன்னிப்பு. டிவி கிடையாது.

"எல்லாருக்கும் சம்மதமா?"

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மனைவி அப்பாவைப் பார்த்துக்கொண்டே போட்டாள். கடைசியாக மொழிபெயர்ப்பாளர், வீட்டின் சார்பில், பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டு அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

"பையை எடுத்துக்கோங்க மாமா," என்றார் மெதுவாக. மனதுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் மத்தியானம் கோப்பு கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் மீன்கடைக்காரர் வந்தார். கடை திறக்க நேரமாகிவிட்ட அவசரத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"பம்பைப் பார்த்தேன்மா. உடையலை. ஒரு கோளாறும் இல்லை. இப்போ ஓட விட்டுட்டுத்தான் வர்றேன்."

அண்ணி எழுந்துவிட்டார். "எப்படிங்க? சுவிட்சு போட்டுத்தானே இருந்துச்சு? சிவப்பு லைட் எரிஞ்சுதே!"

"சுவிட்சு போட்டுத்தான் இருந்துச்சு. பம்போட பிளக்கைத்தான் யாரோ பிடுங்கிக் கீழ போட்டிருக்காங்க. தொட்டிக்குப் பின்னாடி கிடக்கு, முன்னாடி இருந்து பார்த்தா தெரியாது."

எல்லோர் தலையும் மாமனார் பக்கம் திரும்பியது. மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பார்த்தீங்களா!" என்றார் மொழிபெயர்ப்பாளர். "ஆதாரம்! இதுக்குத்தான் இவ்வளவு தூரம் சொன்னேன். சொல்லுங்க சார், வேற ஏதாவது கிடைச்சுதா? சபை முன்னாடி வைங்க."

மீன்கடைக்காரர் பைக்குள் கைவிட்டு, கறுப்பாக, வாலோடு ஒன்றை வெளியே எடுத்தார்.

"பம்பு பிளக் இருந்த இடத்துல இது சொருகியிருந்துச்சு சார். உங்க ரெண்டு வீட்டுலயும் யாராவது லேப்டாப் சார்ஜரைக் காணோம்னு தேடிட்டு இருக்கீங்களா?"